நான் வளர்க்காத முயல்

ஒரு கோடைகாலம் முழுவதும் என் வீட்டில் ஒரு முயல் இருந்தது. முள்ளங்கிக் கீரை என்றால் அதற்குப் பாசிப்பருப்பு சேர்க்க வேண்டும். பீட்ரூட் கீரை என்றால் தேங்காய்த் துருவல். கேரட் தழையைத் துவையலாக அரைத்தால் இரண்டு தட்டு சோறு இறங்கும். இவ்வளவு நாக்கு நீளமுள்ள பிராணியை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒரு முயல் கிடையாது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழ்வீட்டு அக்கா தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மொண்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. மனைவி டாக்டர். நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரி, சனிக்கிழமைகளில் பெரும்பாலும் டியூட்டி. நான் ஓர் ஆங்கிலவழிக் கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறவன், சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆகவே சமையலறை என்னுடையது. காய் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் காய்களை வருடக்கணக்கில் வாங்கி அந்த நினைப்பு துருப்பிடித்துக் கிடந்தது. பக்கத்துத் தெருவில், ஒரு சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில், ஜூன் முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை தோறும் விவசாயிகளே வந்து கடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அது மறுபடி தலைதூக்கியது.

முதல் நாளே வம்பு. ஒரு மேஜையில் பீன்ஸ் குவிந்திருந்தது. வழக்கப்படி ஒன்றை எடுத்து உடைத்தேன். 'டக்' என்றது. நல்ல பீன்ஸ்தான், ஆனால் ஒன்றை வைத்து ஒரு குவியலை நம்பிவிட முடியுமா? இன்னொன்றை உடைத்தேன். மூன்றாவதை உடைத்தபோது மேஜைக்குப் பின்னாலிருந்த பண்ணைக்காரம்மா, "எல்லாமே உடையும், ஐயா. நான் உத்தரவாதம்" என்றார் பிரெஞ்சில். அறுபது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை வெயிலில் சிவந்த கைகள், சிரிக்காத முகம். உடைந்த மூன்றையும் பொறுக்கி என் பையிலேயே போட்டார். ஊரில் ஒரு காய்கறிக்காரர் இப்படிச் சொல்லியிருந்தால் விறுக்கென்று அடுத்த கடைக்குப் போயிருப்பேன். இங்கே அடுத்த கடையில் தேன் மட்டும்தான் விற்றார்கள்.

அந்தக் கோபத்தையும் மறக்கடித்த காட்சி ஒன்று அங்கேயே நடந்துகொண்டிருந்தது. முள்ளங்கிக் கட்டோ பீட்ரூட் கட்டோ கொடுக்கும்முன் ஒவ்வொருவரிடமும் அந்த அம்மாள், "இலையை எடுத்துவிடவா?" என்று கேட்பார். எல்லோரும் சரி என்பார்கள். ஒரே திருகு. இலைக்கொத்து அப்படியே கழன்று மேஜைக்கு அடியிலிருந்த நீலப் பெட்டிக்குள் விழும். காலையில் பறித்த, பனி காயாத கீரை! எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு வேண்டியதை நான் இலையோடுதான் வாங்கினேன். ஆனால் ஒரு கட்டின் இலை வதங்கினால் ஒரு கரண்டிக்கு மேல் தேறாது.

இந்த இடத்தில் கொசுறைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் காய் வாங்கினால் கடைசியில் இரண்டு கொத்து கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் பையில் வந்து விழும். விலை கிடையாது, எடை கிடையாது. நீ என் வாடிக்கை, உன்னை எனக்குத் தெரியும் என்பதற்கு அது அடையாளம். மறந்துவிட்டால் "கொசுறு எங்கே?" என்று உரிமையோடு கேட்கலாம். மொண்ட்ரியலுக்கு வந்த பதினோரு வருடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, குடியுரிமை கிடைத்தது, கொசுறு மட்டும் கிடைக்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் நின்று நமக்கு நாமே பில் போட்டுக்கொள்ளும் கடைகளில் யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கேட்டே தீருவதென்று போனேன். என் பிரெஞ்சு, அரசாங்கம் இலவசமாக நடத்திய மாலை வகுப்பில் கற்றது. காதில் விழுவது புரிந்துவிடும்; பேச்சு, விலை கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் போதும், கொசுறின் தத்துவத்தை விளக்கப் போதாது. நீலப் பெட்டியைக் காட்டி, "இது... எனக்கு... முடியுமா?" என்றேன். பண்ணைக்காரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

"ஓ! வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா?"

இல்லை, நான்தான் சாப்பிடப்போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரம் முதுகுக்குப் பின்னால், "அடடே, சார்! நீங்களும் இங்கதான் வாங்குறீங்களா?" என்று தமிழில் ஒரு குரல். திரும்பினால், புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரிய வீடும் வாசலில் இரண்டு காரும் வைத்திருக்கும் இதய மருத்துவர். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் அபார்ட்மென்ட்லதான் இருக்கீங்களா?" என்று பரிவோடு விசாரிப்பவர். விருந்தாளிகளுக்கு மேப்பிள் சிரப் வாங்க வந்தாராம். கழித்துப் போட்ட கீரையைச் சும்மா வாங்கித் தின்கிறவன் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயில் முழுக்கப் பேச்சாகிவிடும். நான் பண்ணைக்காரம்மா பக்கம் திரும்பி, "ஆமாம், முயல் இருக்கிறது" என்றேன். மருத்துவரிடம் தமிழிலும் அதையே சொன்னேன்.

"பெட்டா? வெரி குட் சார், ஸ்ட்ரெஸ்ஸுக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் சிரப் வாங்கப் போனார். முயல் என்னிடமே தங்கிவிட்டது.

"பெயர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே பண்ணைக்காரம்மா ஒரு பெரிய காகிதப் பையில் கீரையைத் திணித்தார். பெயரா? அவசரத்தில் வாயில் வந்தது எங்கள் துறைத் தலைவரின் பெயர். முந்தின நாள்தான் என் தலையில் ஒரு கூடுதல் வகுப்பைக் கட்டியிருந்தார், மனதில் அவர்தான் இருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பண்ணைக்காரம்மா துறைத் தலைவரைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். நன்றாகச் சாப்பிடுகிறாரா? கால் நகம் வெட்டிவிடுகிறீர்களா? வயிறு ஒழுங்காகப் போகிறதா? எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று சொல்லிவிட்டு, விடுமுறையிலும் விடாமல் அவர் வைக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் சாப்பாடு! ஜூன் மாதம் முள்ளங்கிக் கீரைக் கூட்டு. ஜூலையில் நூல்கோல் இலை, பூண்டு தட்டிப் போட்டுப் பொரியல். அதன் பிறகு பீட்ரூட் கீரை, தண்டு சிவந்து, சோறெல்லாம் இளஞ்சிவப்பாக. மனைவியிடம் முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இது நல்லதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்டில் சோதனை ஆரம்பித்தது. பண்ணைக்காரம்மா யாரையோ விசாரித்துவிட்டு வந்திருந்தார். பீட்ரூட் இலை அதிகமானால் முயலுக்குச் சிறுநீரில் கல் வருமாம். "இனிமேல் வாரத்துக்கு இரண்டு இலை போதும். அவருக்கு முக்கியம் உலர்ந்த புல்தான்" என்று என் கண்ணெதிரே பீட்ரூட் கீரையை ஒதுக்கிவிட்டு, தன் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டு புல்லை என் கையில் வைத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அதைச் சுமந்துகொண்டு படியேறும்போது கீழ்வீட்டு அக்கா எதிரில் வந்தார்.

"என்ன தம்பி, மாடு ஏதும் வாங்கியிருக்கிறியளோ?"

"காலேஜ் புராஜெக்ட், அக்கா" என்றேன். பொய் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் தனியாக இருக்காது போலிருக்கிறது. மனைவி சமையல் மேடையில் கிடந்த புல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுக்குக் கடுகு தாளிக்கணுமா, சீரகமா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை பண்ணைக்காரம்மா மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியை நீட்டினார். இத்தனை நாள் கீரைக்கு என்று ஏதாவது கொடுக்க வந்தால் கையைத் தட்டிவிட்டவர், அன்றைக்குத்தான் வாய்விட்டு ஒன்று கேட்டார். "அக்டோபரில் பூண்டு நடுவேன். அதற்கு முயல் புழுக்கை மாதிரி உரம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக இதில் சேர்த்து வையுங்கள்."

வாளி பால்கனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லப் பிராணிக் கடை ஒன்றில் போய் விசாரித்தேன். முயல் இருக்கிறது, கூண்டு இருக்கிறது, புழுக்கை மட்டும் தனியாக விற்பதில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லும்போது ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"பேசாம அந்தப் பக்கம் போறத நிறுத்திடுங்களேன்" என்றாள் மனைவி. நிறுத்த முடியவில்லை. காரணம் கீரை மட்டுமில்லை. இந்த ஊரில் தூரத்தில் என்னைக் கண்டதும் கையை உயர்த்தி "போன்ஜூர்" சொல்லி, எடுத்து வைத்திருக்கிற பையைக் குனிந்து எடுக்கிற கடை அது ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனமில்லை. அந்தப் பை எனக்கல்ல, முயலுக்கு என்பதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

செப்டம்பர் நடுவில் கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வந்து முப்பது வருடமாகிறது, பிரெஞ்சை வெளுத்துக்கட்டுவார்.

"தம்பி, வாற சனிக்கிழமை சந்தையில சமையல் செய்து காட்டட்டாம். இந்தப் பருவத்துச் சாமானை, வேரில இருந்து இலை வரைக்கும் ஒண்டும் எறியாமச் சமைக்க வேணுமாம். சந்தை நடத்துறவை என்னைக் கேட்டவை, நான் ஓம் எண்டிட்டன். தேங்காய் துருவ ஒரு ஆள் வேணும், வாறியளோ?"

"என்ன பண்ணப்போறீங்க அக்கா?"

"பீட்ரூட் இலை வறை. அந்தப் பூட்ஸ் போட்ட மனிசியிட்ட பத்துக் கட்டு சொல்லிவைச்சிருக்கிறன். இலையை முறிக்க வேண்டாம் எண்டும் சொன்னனான்."

அந்த வறையைப் பண்ணைக்காரம்மா பார்த்தால் என் முயல் கதை என்ன ஆவது? "முட்டைக்கோஸ் பண்ணலாமே அக்கா? இப்ப நல்லா வருதே."

"கோவாவை ஆருக்குத் தம்பி தெரியாது?" என்று முட்டைக்கோஸை அவர் ஊர்ப் பெயராலேயே ஒதுக்கிவிட்டு அக்கா கீழே இறங்கிப் போனார்.

சனிக்கிழமை சர்ச் வாசலில் ஒரு கூடாரம் போட்டு, கேஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். இருபது பேர் கூடியிருந்தார்கள். பண்ணைக்காரம்மா கடையைத் தேன் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அக்காவுக்குப் பின்னால் குனிந்த தலை நிமிராமல் தேங்காய் துருவினேன். அக்கா வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு எல்லாம் போட்டு வதக்கி, பொடியாக அரிந்த இலையைக் கொட்டி, மஞ்சளும் தேங்காயும் தூவிக் கிளறினார். வாசனை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போனது. காகிதக் கிண்ணங்களில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். பண்ணைக்காரம்மா தின்றார், கொஞ்சம் யோசித்தார், இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இதைத்தான் நான் வாரா வாரம் இந்த ஐயாவின் முயலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!" என்று என்னைக் காட்டினார். காட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குச்சிக்கட்டை எடுத்தார். ஆப்பிள் மரக் குச்சிகள். வளர்ந்துகொண்டே போகும் முயல் பல் தேய, கடிக்கக் கொடுங்கள் என்றார்.

அக்கா கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். "முயலோ? எந்த முயல்? எங்கட பில்டிங்கில பூனை வளர்க்கவே விடமாட்டினம்!" நல்லவேளை, தமிழில் கேட்டார். என் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கோடை முழுவதும் படிக்கட்டில் மணத்த கீரை, புல்லுக்கட்டு, எல்லாம். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சொல்லுங்கோ தம்பி, செத்துப்போச்செண்டு சொல்லிவிடவோ? நான் வடிவாச் சொல்லுவன். அந்தப் பூட்ஸ் மனிசி அழுதிடும்."

ஆசையாகத்தான் இருந்தது. முயல் செத்தால் வாளிப் பிரச்சினை தீர்ந்தது, புல் தீர்ந்தது, துறைத் தலைவரும் நிம்மதியாகப் போய்ச் சேருவார். அக்கா சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அந்தக் குச்சிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, சணல் கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. இல்லாத ஒரு பிராணியின் பல்லுக்காக ஒருவர் மரத்தடியில் நின்று மெனக்கெட்டிருக்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மதாம்" என்றேன். "முயல் நான்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணைக்காரம்மா சிரிக்கவில்லை. விஷயம் அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் கைகளைவிடச் சிவந்துவிட்டது.

"அந்தப் பெட்டி தரையில் கிடக்கும், ஐயா. என் நாய் அதில் மூக்கை விடும். மிதிபட்டது, பூச்சி அரித்தது, எல்லாம் அதில்தான் போடுவேன். அதையா சாப்பிட்டீர்கள்? நீங்களும் உங்கள் மனைவியுமா?"

"கழுவி..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டிருந்தால் நல்லதாகப் பறித்துத் தந்திருப்பேனே. என்னை என்னவென்று நினைத்தீர்கள்?"

எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார். குச்சிக்கட்டு பெட்டிமேலேயே கிடந்தது. என்னை யாராவது இளப்பமாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, வாடிக்கைக்காரனுக்குத் தரையில் கிடந்ததைக் கொடுத்தவர் என்ற பழியை அவர்மேல் போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. வீடு வரும் வழியில் அக்கா என்னைத் திட்டவில்லை. "நல்லாப் படிச்ச ஆள் தம்பி நீங்கள்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் போகவில்லை. முட்டைக்கோஸ் வாங்கிச் சமைத்தேன். அக்டோபரில் கடைசிச் சந்தை அன்று மனைவி வாளியை என் கையில் கொடுத்து வெளியே தள்ளினாள். "திருப்பிக் குடுத்துட்டு வாங்க. அப்படியே துறைத் தலைவர் சார்பாவும் ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க."

கடைக்கு முன்னால் பெரிய வரிசை. மேஜைக்கு அடியில் நீலப் பெட்டி இல்லை. பீட்ரூட் கீரையும் முள்ளங்கிக் கீரையும் கழுவி, ரப்பர் போட்டுக் கட்டி, மேஜையின் நடுவிலேயே அடுக்கியிருந்தது. பக்கத்தில் சிலேட்டில் விலை. என் பொய் போன கையோடு இலவசமும் போயிற்று. வரிசையிலிருந்து விலகி வந்த இதய மருத்துவர் கையில் நான்கு கட்டு.

"சார், இந்தக் கீரை உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். முயலுக்கே எல்லாத்தையும் போட்றாதீங்க, நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்க!"

சாப்பிடுகிறேன் சார் என்றேன்.

என் முறை வந்தது. வாளியை மேஜைமேல் வைத்தேன். "காலி" என்றேன். "தெரியும்" என்றார் பண்ணைக்காரம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அதற்கு என் பிரெஞ்சு போதும் என்று சொன்னேனே. பீன்ஸ் சீசன் முடிந்துவிட்டதால் உடைத்துப் பார்க்கவும் எதுவும் இல்லை. பீட்ரூட் கீரை இரண்டு கட்டும் ஒரு கிலோ கேரட்டும் கேட்டேன். நிறுத்தார், பணத்தை வாங்கிக்கொண்டார், பையில் போட்டார். நான் பையைப் பிடித்து இழுத்தேன். பை வரவில்லை. அதன் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவர் பின்னால் திரும்பி, ஒரு கூடையிலிருந்து ஒரு கைப்பிடி கொத்தமல்லியை எடுத்தார். நிறுக்கவில்லை. கேரட்டுக்கு மேலே செருகினார்.

"இது எவ்வளவு?" என்றேன்.

தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "முயலுக்கா?"

"உங்களுக்கு" என்றார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு ரசம் வைத்தேன். கேரட் பொரியல்கூடச் செய்யவில்லை, ரசம் மட்டும், கொத்தமல்லி மிதக்க மிதக்க. டியூட்டி முடிந்து வந்த மனைவி கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு, கொத்தமல்லி என்ன விலை என்று கேட்டாள்.

"கொசுறு" என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.